பட்டாவில் யார் பெயர்? விவசாயத் திட்டங்களைப் புதிதாகத் தெரிந்துகொள்பவருக்கு

மேலூர் பக்கம் எங்கள் ஊருக்குப் போனால் சித்தப்பா முதலில் காபியைக் கொடுப்பார், அப்புறம் போனைக் கொடுப்பார். "ஏப்பா, ஊர்ல எல்லாருக்கும் ரெண்டாயிரம் ஏறிருச்சாம். நமக்கு மட்டும் ஏன் வரலைன்னு பாரு." மூன்று வருடமாக இதே கேள்வி. காபி மட்டும் ஒவ்வொரு தடவையும் நன்றாக இருக்கும்.

சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை, பெரியாற்றுப் பாசனம். கிணற்றோடு ஒரு ஏக்கர் புஞ்சை, அதில் கத்தரியும் கொஞ்சம் மல்லிகையும். பதினாலு வயதில் மண்வெட்டி பிடித்தவர். ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல சம்சாரி என்பார்கள். அரசாங்கப் பதிவேட்டைக் கேட்டால் மட்டும் அப்படி ஒரு விவசாயி இல்லை என்று வருகிறது. நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. தாத்தா இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கணக்குப்படி இன்னும் அவர்தான் உழுதுகொண்டிருக்கிறார்.

திட்டங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் திட்டத்தின் பெயர், தொகை, கடைசித் தேதி என்ற வரிசையில் போகிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. எந்தத் திட்டமும் வயலுக்கு வந்து உங்கள் உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஏதோ ஒரு காகிதத்தைப் பார்க்கிறது. ஒரு திட்டம் நிலம் யாருடையது என்று பார்க்கும், இன்னொன்று அதில் என்ன பயிர் நிற்கிறது என்று பார்க்கும். மற்றொன்று உங்களை விட்டுவிட்டு உங்கள் கிராமத்தையே பார்க்கும். எது எதைப் பார்க்கிறது என்று பிடிபட்டுவிட்டால், நாளைக்குப் புதுப் பெயரில் ஒரு திட்டம் வந்தாலும் மிரள வேண்டியதில்லை.

மூன்று காகிதங்கள்

பத்திரமும் பட்டாவும் ஒன்று என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். பத்திரம் பதிவுத்துறையின் சமாச்சாரம்: இன்னார் இன்னாருக்கு விற்றார், எழுதிக்கொடுத்தார் என்பதற்குச் சாட்சி. பட்டா வருவாய்த்துறையின் சமாச்சாரம்: இந்த சர்வே எண்ணுக்கு இன்னார்தான் பொறுப்பு என்று கிராமக் கணக்கில் ஏறியிருக்கும் பெயர். பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கும், பட்டா பழைய ஆள் பெயரிலேயே கிடக்கும். விவசாயத் திட்டங்கள் பெரும்பாலும் கேட்பது பட்டாவைத்தான்.

சிட்டா என்பது ஒருவர் பெயரில் அந்தக் கிராமத்தில் எந்தெந்த சர்வே எண்ணில் எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை இருக்கிறது என்ற சுருக்கம். இப்போது பட்டாவும் சிட்டாவும் ஒரே தாளில் வருகின்றன. வருவாய்த்துறையின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண்ணைக் கொடுத்தால் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம்.

மூன்றாவது அடங்கல். பட்டா நிலம் யாருடையது என்று சொன்னால், அடங்கல் அதில் என்ன விளைகிறது என்று சொல்லும். கிராம நிர்வாக அலுவலர், அதாவது விஏஓ, எழுதுவது. அதை ஆங்கில வருடத்தில் எழுத மாட்டார்கள், பசலியில் எழுதுவார்கள். பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. ஆங்கில வருடத்தில் 590-ஐக் கழித்தால் பசலி, அவ்வளவுதான். "நடப்புப் பசலி அடங்கல் கொண்டு வாங்க" என்று ஆபீசில் சொன்னால் போன வருடத்துத் தாள் செல்லாது என்று அர்த்தம்.

வயலில் நெல் நிற்கும், அடங்கலில் தரிசு என்று இருக்கும். இது அரிதான விஷயம் இல்லை. பட்டாவிலும் பழைய பிழைகள் உண்டு. 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தார்கள், ஊர்ப்பக்கம் 'யூடிஆர்' என்பார்கள். இன்றைய பட்டாவுக்கு அடிப்படை அதுதான். அப்போது எழுத்துப் பிழையாக ஏறிய பெயர், பக்கத்து வயலோடு மாறிப்போன உட்பிரிவு, விட்டுப்போன பங்காளி, எல்லாமே நாற்பது வருடமாக அப்படியே கூடவே வருகின்றன. இவற்றையெல்லாம் சொல்லித் திருத்திக்கொள்ள வருடத்துக்கு ஒருமுறை தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும், பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில். கிராமக் கணக்கு மொத்தமும் மேசைக்கு வரும் நாள் அது. மனு கொடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

கையில் வரும் பணம்

இப்போது அந்த ரெண்டாயிரத்துக்கு வருவோம். பி.எம். கிசான், மத்திய அரசின் திட்டம். 2019 பிப்ரவரியில் தொடங்கி, 2018 டிசம்பரிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்தார்கள். வருடத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000. முதலில் 2 ஹெக்டேர் வரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதே வருடம் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

இது பார்ப்பது நிலத்தின் உரிமையாளரை. விளைந்ததா, விற்றதா என்று கேட்காது. தரிசாகப் போட்டிருந்தாலும் பட்டா இருந்தால் வரும், வியர்வை சிந்தி உழுதாலும் பட்டா இல்லாவிட்டால் வராது. கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள் சேர்ந்து ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான். வருமான வரி கட்டுபவர், கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாமல் ஓய்வூதியம் வாங்குபவர், தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர் ஆகியோருக்குக் கிடையாது. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவருக்கு வராது, ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசாக நிலம் வந்திருந்தால் வரும்.

எல்லாரும் விண்ணப்பிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டதில் 2020-ல் தமிழ்நாட்டில் பெரிய முறைகேடு ஒன்று வெடித்தது நினைவிருக்கலாம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் விவசாயிகளே அல்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் ஏறியிருந்தார்கள். பணத்தைத் திரும்ப வாங்க அதிகாரிகள் வீடு வீடாக அலைந்தார்கள். அதற்குப் பிறகு சரிபார்ப்பு இறுகிவிட்டது. இன்று உண்மையான விவசாயி நாலு தடவை கைரேகை வைக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்தப் புண்ணியமும் அதில் கொஞ்சம் உண்டு.

பட்டா சரியாக இருந்தும் பணம் வராதவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். பணம் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய வங்கிக்குப் போகாது. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அங்கே போகும். எங்கள் தெருவில் ஓர் அக்கா எட்டு மாதம் பணம் வரவில்லை என்று அலைந்தார். மகளிர் குழுவுக்காக வேறொரு வங்கியில் தொடங்கிய கணக்கில் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பாஸ்புக்கைப் பதிவு போட்டுப் பார்த்த அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால், தாமதமாக வந்ததே நல்லது என்று தோன்றியது.

2025 முதல் இதோடு விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணும் சேர்ந்திருக்கிறது. பதினோரு இலக்கம். ஆதாரையும் நிலத்தின் சர்வே எண்களையும் ஒன்றாகக் கட்டும் எண் அது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாகக் காகிதம் கொடுக்க வேண்டாம் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அதுவும் பட்டாவிலிருந்துதான் தொடங்குகிறது.

காப்பீடு: உங்கள் வயலின் நஷ்டத்துக்கு இல்லை

டீக்கடையில் அதிகமாகத் திட்டு வாங்கும் திட்டம் பயிர்க் காப்பீடு. அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். "என் வயல் மொத்தமும் போச்சு, பக்கத்து ஊர்க்காரனுக்கு வந்துருச்சு, எனக்கு வரல." இதில் ஊழல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கணக்கு தெரிந்தால்தான் எது என்று சொல்ல முடியும்.

இப்போதைய திட்டமான பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. காரீஃப் பருவ (நம் குறுவை இதில் வரும்) உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபிப் பருவத்துக்கு (நம் சம்பா இதில் வரும்) 1.5 சதவீதம், ஆண்டுப் பணப்பயிருக்கும் தோட்டக்கலைப் பயிருக்கும் 5 சதவீதம். மீதிப் பிரீமியத்தை மத்திய அரசும் மாநில அரசும் கட்டுகின்றன. முன்பு பயிர்க்கடன் வாங்கியவர்களுக்குக் கட்டாயம், 2020 காரீஃப் முதல் அவரவர் விருப்பம்.

காப்பீடு பார்ப்பது உங்கள் வயலை இல்லை, உங்கள் வருவாய் கிராமத்தை. தமிழ்நாட்டில் நெல்லுக்கு வருவாய் கிராமம் ஓர் அலகு, மற்றப் பல பயிர்களுக்குச் சில கிராமங்கள் சேர்ந்த ஃபிர்கா. அந்தக் கிராமத்தில் அறுவடை நேரத்தில் சில வயல்களைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் இருக்கும் நெல்லை அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். அதிலிருந்து கிராமத்தின் சராசரி விளைச்சல் வரும்.

அதை எதோடு ஒப்பிடுகிறார்கள்? கடந்த ஏழு வருடங்களில் நன்றாக விளைந்த ஐந்து வருடங்களின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம் என்று அந்தப் பயிருக்கு நிர்ணயித்ததைப் போட்டால் வருவது உத்தரவாத மகசூல். இந்த வருடத்துச் சராசரி அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியதோ அந்த விகிதத்தில் இழப்பீடு.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம், எண்கள் எல்லாம் பேச்சுக்கு. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய். ராபிப் பருவ நெல் என்றால் உங்கள் பங்கு 540 ரூபாய். கிராமத்தின் உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ, இந்த வருடம் சோதனையில் வந்தது 1,400 கிலோ. குறைவு 600 கிலோ, அதாவது 30 சதவீதம். ஏக்கருக்கு 10,800 ரூபாய் வரும். கிராமத்தில் காப்பீடு செய்த எல்லாருக்கும் இதே தொகை. ஒரு மூட்டை கூட எடுக்காதவருக்கும் 10,800, முப்பது மூட்டை எடுத்தவருக்கும் 10,800. சோதனையில் 2,050 கிலோ வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை, உங்கள் வயல் மட்டும் கருகியிருந்தாலும்.

இதில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. ஒரு பகுதியில் நாலைந்து வருடம் சேர்ந்தாற்போல் தண்ணீர் சரியில்லை என்றால், அந்த மோசமான வருடங்களும் ஏழு வருடக் கணக்கில் ஏறுகின்றன. உத்தரவாத மகசூலே கீழே போகிறது. அடிக்கடி அடி வாங்கும் ஊருக்கு இழப்பீடு கிடைப்பது அதனால் கடினமாகிறது. திட்டத்தை ஆதரிப்பவர்கள் இதற்குச் சொல்லும் பதில்கள் உண்டு, எனக்கு எதுவும் திருப்தியாக இல்லை.

ஒருபோகப் பகுதிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல், நாள் கணக்கு. பெரியாறு வைகைப் பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். மேலூர்ப் பகுதியும் திருமங்கலம் கால்வாயும் சேர்ந்து 1,05,002 ஏக்கர் ஒருபோகம். அணைகளில் இருப்பு சேர்ந்தால்தான் ஒருபோகத்துக்குத் தண்ணீர். செப்டம்பரில் திறந்தால் கடைமடைக்கு வந்து சேர்ந்து, நாற்றுப் பாவி, நடவு போட நவம்பர் ஆகிவிடும். சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்யக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. நடவே முடியாதபோது என்ன சான்று கொடுப்பது? நடப்புப் பசலி அடங்கலோ, அது இன்னும் தயாராகாவிட்டால் விஏஓ தரும் விதைப்புச் சான்றோ போதும். ஆகவே தண்ணீர் வருகிற அன்றைக்கே விஏஓவைப் பார்த்துவிடுவது நல்லது. கடைசி இரண்டு நாளில் இ-சேவை மையத்தில் சர்வர் படுத்துவிடும் என்பது எங்கள் ஊரில் பஞ்சாங்கம் போலத் தெரிந்த விஷயம்.

அறிவிக்கப்பட்ட பகுதியில் முக்கால் பாகத்துக்கு மேல் விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கொடுத்து அந்தப் பருவத்துக்குக் கணக்கை முடித்துவிடலாம் என்றும் விதி இருக்கிறது. அதற்கும் நாள் கடப்பதற்குள் பதிந்திருக்க வேண்டும். ஆலங்கட்டி மழை போன்று குறிப்பிட்ட சில வயல்களை மட்டும் தாக்கும் பாதிப்புக்கு விதி வேறு: 72 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் தனியாக வந்து பார்ப்பார்கள். 14447 என்ற எண்ணில் சொல்லலாம்.

பதியும்போது ரசீதில் கிராமத்தின் பெயரைக் கண்ணை விரித்துப் பாருங்கள். நாம் ஊர் என்று சொல்வது பல நேரம் குக்கிராமத்தின் பெயர். வருவாய் கிராமத்தின் பெயர் வேறாக இருக்கும். ஒரு வருடம் எங்கள் நஞ்சைக்கு டவுனில் ஒரு மையத்தில் பதிந்தபோது பெயர் ஒத்த இன்னொரு கிராமத்தைத் தட்டிவிட்டார்கள். பிரீமியம் கட்டியாச்சு, ரசீதும் கையில் இருந்தது. இழப்பீடு வந்த வருடத்தில் எங்களுக்கு வரவில்லை. பணம் கட்டிய வருடமெல்லாம் வராமல் இருந்தது பழகிப்போயிருந்ததால் முதலில் யாருக்கும் சந்தேகம்கூட வரவில்லை.

மானியம்: பணம் உங்கள் கைக்கு வராது

மானியம் என்றதும் பணம் வரும் என்று எதிர்பார்க்கிறோம். பெரும்பாலும் பொருள்தான் வரும், அல்லது விலை குறையும். சொட்டுநீர்ப் பாசனத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். குறு விவசாயி என்றால் இரண்டரை ஏக்கர் வரை, சிறு விவசாயி என்றால் ஐந்து ஏக்கர் வரை. அதற்குத் தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்க வேண்டும். பட்டா, அடங்கல், புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), ஆதார், போட்டோ எல்லாம் கொடுத்து, அங்கீகரிக்கப்பட்ட கம்பெனிகளில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் வந்து அளந்து, குழாய் போட்டு, அதிகாரி வந்து பார்த்த பிறகு பணம் கம்பெனிக்குப் போகும். நீங்கள் பார்ப்பது குழாயை மட்டும்தான். அதே நிலத்துக்கு மறுபடி கேட்க ஏழு வருடம் ஆக வேண்டும்.

பின்னேற்பு மானியம் என்று ஒரு வகை இருக்கிறது. முதலில் உங்கள் கைக்காசைப் போட்டு வேலையை முடிக்க வேண்டும். அப்புறம் வந்து பார்த்துவிட்டுப் பணம் போடுவார்கள். காகிதத்தில் இது நியாயமாக இருக்கும், போடக் கைக்காசு இல்லாதவர்தான் சிறு விவசாயி என்பதை யோசிக்கும் வரை.

இயந்திரங்களுக்கு வேளாண் பொறியியல் துறை, பொதுவாக 40 சதவீதம், சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதம். இதைப் பற்றி இங்கே நீட்ட வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: அனுமதி உத்தரவு வரும் முன் இயந்திரத்தை வாங்கிவிட்டு வந்து மானியம் கேட்டால் கிடைக்காது.

விண்ணப்பிக்காமலே வாங்கிக்கொண்டிருக்கும் உதவிகளும் உண்டு. 45 கிலோ யூரியா மூட்டைக்கு நாம் கொடுப்பது 266 ரூபாய் 50 காசு. தயாரிக்க ஆகும் செலவு அதைப்போலப் பல மடங்கு, மீதியை மத்திய அரசு உரக் கம்பெனிக்குக் கொடுக்கிறது. உரக்கடையில் மெஷினில் விரல் வைக்கச் சொல்வது அந்தக் கணக்குக்காகத்தான். கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம் 1990-லிருந்து தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் இருக்கிறது. "எங்களுக்கு அரசாங்கத்துல ஒரு உதவியும் இல்லப்பா" என்று சித்தப்பா சொல்லும்போது பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். நான் எதுவும் சொல்ல மாட்டேன், காபி முக்கியம்.

உசிலம்பட்டி, சேடப்பட்டிப் பக்கம் மானாவாரிக் காடுகளில் இருப்பவர்கள் தரிசு நிலத் தொகுப்புத் திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் அது ஒரு பகுதி, 2021-22-ல் தொடங்கியது. பஞ்சாயத்துகளை வருடம் கொஞ்சமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 10 முதல் 15 ஏக்கர் தரிசு ஒரே தொடர்ச்சியாக இருந்து, அதன் சொந்தக்காரர்கள் குழுவாகச் சேர்ந்தால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு போர்வெல் போட்டு, மோட்டாரும் குழாயும் தருவார்கள். இது நிலத்தையும் பார்க்கிறது, பக்கத்து நிலத்துக்காரரோடு உங்களுக்குப் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்பதையும் பார்க்கிறது. இரண்டாவதுதான் கஷ்டம்.

கடனும் விலையும்

கூட்டுறவு சொசைட்டியில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. தேசிய வங்கிகளில் கிசான் கடன் அட்டைக்கு 3 லட்சம் வரை 7 சதவீதம், சரியாகக் கட்டினால் 3 குறைந்து 4 சதவீதம். 2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. அதிலிருந்து கட்டலாமா, காத்திருக்கலாமா என்ற கேள்வி ஊரில் சுற்றுகிறது. தவணை தவறினால் வட்டி ஓடும் என்பது மட்டும் நிச்சயம், தள்ளுபடி நிச்சயம் இல்லை.

விலைக்கு ஆதரவு என்றால் நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389. மாநில அரசு ஊக்கத்தொகை சேர்த்துப் பொது ரகத்தை 2,500, சன்ன ரகத்தை 2,545 ஆக்கியது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இங்கேயும் அடங்கல் கேட்பார்கள், வியாபாரி நெல் வந்துவிடக் கூடாது என்பதற்காக.

காய்கறிக்காரர்களுக்கு உழவர் சந்தை. இதில் மதுரைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு: தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று எங்கள் அண்ணா நகரில்தான் திறந்தார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த திட்டம் இது. பணமும் தருவதில்லை, பொருளும் தருவதில்லை. உட்கார இடமும் தராசும் தருகிறது, கமிஷனை நிறுத்துகிறது. மற்றதை விவசாயி பார்த்துக்கொள்கிறார். தோட்டத்தை அதிகாரிகள் வந்து பார்த்துத் தரும் அடையாள அட்டை இருந்தால் விடியற்காலையில் கூடையோடு போய் இறங்கலாம். கத்தரிக்காய் அட்டையில் எழுதியிருந்து நீங்கள் கேரட் கொண்டுபோனால் கேள்வி வரும், மதுரையில் கேரட் எங்கே விளைகிறது என்று.

நிலம் இல்லாத விவசாயி

இவ்வளவு நேரம் பட்டா, பட்டா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மதுரையைச் சுற்றிக் கோயில் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். விளைச்சலில் பங்கு பிரித்துக்கொள்ளும் வாரத்துக்கு உழுபவர்கள் வேறு. இவர்களுக்குப் பி.எம். கிசான் கிடையாது. ஆனால் பயிர்க் காப்பீடு உண்டு, ஏனென்றால் அது உரிமையைப் பார்ப்பதில்லை, பயிரைப் பார்க்கிறது. விஏஓவிடம் சாகுபடிச் சான்று வாங்கிப் பதியலாம். அதே சான்றைக் காட்டிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லும் போடலாம். நடைமுறையில் வாய்மொழிக் குத்தகைதான் அதிகம். எழுத்தில் கொடுத்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று சொந்தக்காரருக்குப் பயம், கேட்டால் அடுத்த வருடம் நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரருக்குப் பயம். குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தியவர்களை எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணலாம்.

யாரிடம் போவது என்ற குழப்பமும் பலருக்கு இருக்கிறது. நெல், பயறு, நிலக்கடலை, பருத்தி என்றால் வேளாண்மைத்துறை. கத்தரி, மல்லிகை, மா, வாழை என்றால் தோட்டக்கலைத்துறை. டிராக்டர், பண்ணைக்குட்டை, சோலார் பம்பு என்றால் வேளாண் பொறியியல் துறை. ஒரே சம்சாரி மூன்று வாசலும் ஏற வேண்டியிருக்கும். முதலில் உங்கள் ஒன்றியத்து வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள், உங்கள் ஊருக்கான உதவி வேளாண்மை அலுவலர் யார் என்று கேட்டு, அவர் எண்ணைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அரசின் உழவன் செயலியில் இருப்பு, மானியம், விண்ணப்பம் எல்லாம் தெரியும், ஆனால் எந்த மாதம் எந்தத் திட்டத்துக்குப் பணம் வந்திருக்கிறது என்பது அந்த அலுவலருக்குத்தான் தெரியும். நிதி தீர்ந்தால் அந்த வருடம் திட்டம் அவ்வளவுதான்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா பெயரை மாற்ற முதலில் இறப்புச் சான்று, அப்புறம் வாரிசுச் சான்று. வாரிசு என்றால் என் அப்பா, சித்தப்பா மட்டும் இல்லை, அத்தையும்தான். 1989-லேயே தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அத்தை கையெழுத்து வேண்டும். அத்தையோ என் தங்கச்சி காதுகுத்தில் மாமாவுக்குச் சரியான மரியாதை இல்லை என்று ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை. இருபது வருடமாகப் பட்டா மாறாமல் இருந்ததற்கு ஆபீஸ், லஞ்சம், சர்வர் என்று ஊரே காரணம் சொல்லிக்கொண்டிருந்தது. உண்மைக் காரணம் ஒரு வேட்டி துண்டு.

போன தை மாதம் சித்தப்பாவும் சித்தியும் தேங்காய் பழத்தோடு உசிலம்பட்டி போய் உட்கார்ந்தார்கள். அத்தை முதலில் அழுதார், அப்புறம் திட்டினார், அப்புறம் கறிச்சோறு போட்டார். புஞ்சையில் இருபது செண்ட் தன் பெயருக்கு வேண்டும் என்றார். நியாயம்தானே, எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தாகிவிட்டது. நிலத்தைப் பிரிப்பதால் உட்பிரிவோடு பட்டா மாறுதல் கேட்டிருக்கிறோம், அதற்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டும். கட்டணம் கட்டி, தேதிக்குக் காத்திருக்கிறோம்.

பட்டா கைக்கு வந்ததும் புஞ்சைக்குச் சொட்டுநீர் கேட்கலாம் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். விதிகளையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் சரிப்பா. ஏழு வருசத்துக்கு மறுபடி தர மாட்டான்ற. நடுவுல குழாயை எலி கடிச்சா அது யார் பேர்ல எழுதுவான்?" என்றார்.